நற்கருணை பற்றிய கத்தோலிக்க நம்பிக்கைக்கு மறைநூலில் அடிப்படை எங்கே?

விளவங்கோடு மறைக்கல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். களியக்காவிளைக்கு அருகிலுள்ள எங்கள் பங்கில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுத்து வருகிறேன். எங்கள் பகுதியின் நிலை இங்குள்ள பலருக்கும் தெரிந்ததுதான். ஒரே தெருவில் இலத்தீன் முறையினரும் மலங்கரைக் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) சபையாரும் இரட்சணிய சேனையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் இருக்கிறோம். ஒரே குடும்பத்துக்குள் மூன்று சபைகள் இருப்பதும் உண்டு. ஆகையால், திருப்பலியில் அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் மெய்யான உடலும் இரத்தமும் ஆகின்றன என்னும் நற்கருணைப் பாடத்தைத் தொடங்கியவுடனே கேள்விகள் வந்துவிட்டன.

தாய்வழியில் சி.எஸ்.ஐ. உறவுள்ள ஒரு மாணவன் கேட்டது இது: “நானே வாயில் என்றும் நானே திராட்சைச் செடி என்றும் இயேசு சொன்னதை உருவகமாக எடுத்துக்கொள்கிறோம். ‘இது என் உடல்’ என்பதை மட்டும் ஏன் சொன்னபடியே எடுத்துக்கொள்ள வேண்டும்?” நான் யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். அவனோ அதே அதிகாரத்தின் 63ஆம் வசனத்தை எடுத்து, “ஊனியல்பு ஒன்றுக்கும் உதவாது என்று இயேசுவே முடித்துவிட்டாரே” என்றான். இன்னொரு மாணவி, கிறிஸ்து ஒரே முறை தம்மைப் பலியாக்கினார் என்று எபிரேயர் திருமுகம் திரும்பத் திரும்பச் சொல்லும்போது நாம் நாள்தோறும் திருப்பலி ஒப்புக்கொடுப்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டாள்.

பழைய ஞானோபதேச விடைகளை ஒப்பிக்கச் சொன்னால் இந்தப் பிள்ளைகளின் கேள்விகள் தீரப்போவதில்லை. மறைநூலிலிருந்தே விளக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது சரியாக இருக்கும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள். மற்ற சபைச் சகோதரர்களும் தாராளமாக எழுதலாம்.

கோட்டாறு மறையாசிரியர் எழுதியது:

ஆசிரியருக்கு வணக்கம். நம் பக்கத்தில் பெரும்பாலோர் யோவான் 6ஆம் அதிகாரத்தையே முதல் சான்றாக வைக்கிறார்கள். நான் அதை மூன்றாவதாகத்தான் வைப்பேன். முதலில் வர வேண்டியது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 10, 11 அதிகாரங்கள். அத்திருமுகம் ஏறத்தாழ கி.பி. 54 அல்லது 55இல் எழுதப்பட்டது என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. அதாவது, நான்கு நற்செய்திகளும் இப்போதுள்ள வடிவத்தில் எழுதி முடிக்கப்படுவதற்கு முன்பே, ஆண்டவரின் இறுதி இரா உணவைப் பற்றிய செய்தியைத் தாம் பெற்றுக்கொண்டதாகவும் பெற்றதையே ஒப்படைத்ததாகவும் பவுல் 11:23இல் எழுதிவிட்டார்.

ஆனால் 11ஆம் அதிகாரத்தைவிட எனக்கு வலுவாகத் தோன்றுவது 10:14 முதல் 22 வரையுள்ள பகுதி. அம்மன் கோவில் கொடை முடிந்ததும் பக்கத்து வீட்டார் அன்போடு கொண்டுவரும் பொங்கலையும் பாயசத்தையும் வாங்கி உண்ணலாமா என்று நம் கிறிஸ்தவ வீடுகளில் இன்றைக்கும் ஒரு வாதம் நடக்கிறதல்லவா? கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களிடையே நடந்ததும் ஏறக்குறைய அதே வாதம்தான். சந்தையில் விற்கும் இறைச்சியைக் கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணலாம் என்று அதே அதிகாரத்தில் தாராளமாகச் சொல்லும் பவுல், சிலைகளுக்குப் படைக்கும் பந்தியில் அமர்வதை மட்டும் கண்டிப்பாகத் தடுக்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். பலிப்பொருளை உண்ணும் இஸ்ரயேலர் பலிபீடத்தோடு உறவு கொள்கிறார்கள். பிற தெய்வங்களுக்குப் படைத்ததை உண்பவர்கள் அவற்றோடு உறவு கொள்கிறார்கள். அப்படியே, நாம் போற்றும் கிண்ணம் கிறிஸ்துவின் இரத்தத்தில் பங்குகொள்வது, நாம் பிட்கும் அப்பம் கிறிஸ்துவின் உடலில் பங்குகொள்வது. ஆகவே ஆண்டவருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் ஒருசேரப் பங்கு கொள்ள முடியாது என்கிறார். ஆண்டவரின் பந்தி வெறும் நினைவுச் சின்னமாக இருந்திருந்தால் இந்த வாதம் நிற்காது. பலியுணவு என்ற வரிசையில் வைத்துத்தான் பவுல் அதைப் பேசுகிறார் என்பதால், அதன் மெய்ம்மையையும் பலித்தன்மையையும் ஒரே இடத்தில் நாம் கற்றுக்கொள்கிறோம்.

11:27இல், தகுதியற்ற நிலையில் உண்டு பருகுவோர் ஆண்டவரின் உடலுக்கும் இரத்தத்துக்கும் எதிராகக் குற்றம் புரிகிறார்கள் என்கிறார். இந்த வசனத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதற்கு முன்னுள்ள 21, 22 வசனங்களைப் பெரும்பாலும் வாசிப்பதே இல்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை. வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு மதுவெறியில் இருக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள்; அதுதான் பவுலைச் சினங்கொள்ளச் செய்தது. அதனால், 29ஆம் வசனத்தில் ‘உடல்’ என்று பவுல் குறிப்பது திருச்சபை என்னும் உடலைத்தான் என்று சிலர் விளக்குகிறார்கள். அந்தப் பொருளை நான் மறுக்கவில்லை. ஆயினும் 27ஆம் வசனம் இரத்தத்தையும் சேர்த்தே சொல்வதால், திருச்சபை என்ற பொருளோடு மட்டும் நிறுத்திவிட இயலாது.

இரண்டாவதாக, இஸ்ரயேலர் எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பாஸ்கா விழாவைச் சொல்லிக்கொடுங்கள். விடுதலைப் பயணம் 12இல் ஆட்டுக்குட்டியைக் கொன்று இரத்தத்தை நிலைக்கதவில் பூசுவதோடு காரியம் முடியவில்லை. அன்றிரவே அதை உண்ணவும் வேண்டும். 13:8இல், பிற்காலத் தலைமுறையினரும் தங்கள் பிள்ளைகளிடம், நான் எகிப்திலிருந்து வெளியேறியபோது ஆண்டவர் எனக்காகச் செய்தது இது என்று சொல்ல வேண்டும் எனக் கட்டளையிடப்படுகிறது. இஸ்ரயேலர் ‘நினைவுகூர்வது’ என்பது பழையதை மனத்தில் எண்ணிப் பார்ப்பது மட்டும் அன்று. அந்த மீட்புச் செயலுக்குள் தாமும் நிற்பதாகும். அந்த விழாவின் சூழலில்தான் இயேசு “இதை என் நினைவாகச் செய்யுங்கள்” என்றார். விடுதலைப் பயணம் 24:8இல் மோசே மக்கள்மேல் இரத்தத்தைத் தெளித்து உடன்படிக்கையின் இரத்தம் என்று சொன்னதை மாற்கு 14:24இன் அருகில் வைத்து வாசித்தால், கிண்ணத்தின்மீது அவர் சொன்ன சொற்களின் கனம் பிள்ளைகளுக்கும் விளங்கும். “நானே வாயில்” என்று சொன்னபோது அவர் ஒரு கதவைக் கையில் எடுத்து யாருக்கும் கொடுக்கவில்லை. ஓர் உடன்படிக்கையையும் நிறுவவில்லை. இதைச் செய்யுங்கள் என்று கட்டளையிடவும் இல்லை. மாணவனின் முதல் கேள்விக்கு நான் சொல்லும் விடை இதுவே.

இனி யோவான் 6. அதில் 35 முதல் 47 வரையுள்ள பகுதி பெரிதும் நம்பிக்கையைப் பற்றியது. 51ஆம் வசனத்தில்தான் பேச்சு திரும்பி, உலகு வாழ்வதற்காகத் தாம் கொடுக்கப்போகும் உணவு தமது சதையே என்கிறார். கேட்டவர்கள் வாக்குவாதம் செய்தபோது அவர் தணித்துப் பேசவில்லை. 53 முதல் 58 வரை இன்னும் அழுத்திச் சொல்கிறார். 66இல் சீடர் பலர் விலகிப் போகிறார்கள். அவர் அவர்களைத் திரும்ப அழைத்து, நான் உருவகமாகச் சொன்னேன் என்று விளக்கவில்லை. இலாசர் தூங்குகிறான் என்றதைச் சீடர் தவறாக விளங்கிக்கொண்டபோதோ, பரிசேயரின் புளிப்பு மாவு என்றதை அப்பம் என்று எடுத்துக்கொண்டபோதோ, உடனே திருத்தியவர் அவர். எனினும் இந்த ஒரு வாதத்தின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற வேண்டாம். கோவிலை இடித்துவிடுங்கள் என்று யோவான் 2:19இல் சொன்னபோது கேட்டவர்களை அவர் அங்கேயே திருத்தவில்லை. கர்தினால் கயேத்தான் போன்ற கத்தோலிக்க இறையியலாரே இந்த அதிகாரம் நற்கருணை என்னும் அருட்சாதனத்தைப் பற்றியதன்று என்று கருதியதுண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான திரிதெந்து சங்கமும் 1562 ஜூலை 16ஆம் நாள் அமர்வில் இவ்வதிகாரத்தைக் குறிப்பிடும்போது, திருச்சபைத் தந்தையரின் பல்வேறு விளக்கங்களுக்கு இடம் விட்டே பேசியது. நம்முடைய நம்பிக்கை இந்த ஓர் அதிகாரத்தில் மட்டும் தொங்கவில்லை என்பதே இதனால் தெரிய வருவது.

63ஆம் வசனத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 51இல் உலகின் வாழ்வுக்காகக் கொடுக்கப்படும் என்று தாமே சொன்ன சதையை, பன்னிரண்டு வசனம் தள்ளி ஒன்றுக்கும் உதவாதது என்று அவர் சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் வாக்கு எனப்படும் இறைமகன் மனிதர் ஆனதும் வீண், சிலுவையும் வீண். அங்கே குறிக்கப்படுவது தூய ஆவியின் உதவியில்லாத மனித அறிவு. 8:15இல் உலகப் போக்கின்படி தீர்ப்பளிக்கிறீர்கள் என்று அவர் கடிந்துகொள்வதும் அதையே.

நெய்யூர் சபையார் எழுதியது:

மறையாசிரியர் ஐயாவின் விளக்கத்தைப் பொறுமையாக வாசித்தேன். சி.எஸ்.ஐ. தரப்பிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சீர்திருத்தச் சபைகள் எல்லாம் திருவிருந்தை வெறும் அடையாளம் என்று கருதுவதாகக் கத்தோலிக்க நண்பர்கள் எண்ணுவது சரியன்று. 1529இல் மார்புர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் சந்தித்தபோது, ‘இது என் உடல்’ என்ற சொற்களை மேசையின்மீது எழுதி வைத்துக்கொண்டு கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் வாதாடியவர் லூத்தர். ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது விதிகளில் 28ஆவது, அப்பமும் இரசமும் தோற்றம் மாறாமலே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்னும் பொருள் மாற்றக் கோட்பாட்டை மறுத்தாலும், கிறிஸ்துவின் சரீரம் பரலோகத்துக்குரிய ஆவிக்குரிய முறையில் கொடுக்கப்பட்டு உண்ணப்படுகிறது என்றே சொல்கிறது. எங்கள் பகுதிச் சபைகள் இலண்டன் மிஷன் வழிவந்தவை என்றாலும், 1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு மரபுகளும் ஒன்றிணைந்தன. ஞானஸ்நானமும் திருவிருந்தும் இல்லாமலே 1883 முதல் நடந்துவரும் இரட்சணிய சேனையாரின் நிலைப்பாடு எங்களுடையது அன்று. ஆகவே பிரிவினை ‘இருக்கிறாரா இல்லையா’ என்பதில் இல்லை. ‘எப்படி’ என்பதில்தான் இருக்கிறது.

எனக்குள்ள தடைகள் மூன்று. லேவியராகமம் 17ஆம் அதிகாரம் இரத்தம் உண்பதைத் தடுக்கிறது. அப்போஸ்தலர் 15இலும் எருசலேம் ஆலோசனைச் சங்கம் அதையே புறஜாதியாருக்கு எழுதி அனுப்புகிறது. மெய்யான இரத்தம் என்று அப்போஸ்தலர் நம்பியிருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா? அடுத்து, எபிரேயர் 10:14 ஒரே பலியினாலே என்று தெளிவாகச் சொல்கிறது. இதற்கு ஐயா இன்னும் விடை சொல்லவில்லை. கடைசியாக, அப்பத்தைப் பேழையில் வைப்பதற்கும் பவனியாக எடுத்துச் செல்வதற்கும் வணங்குவதற்கும் வேதத்தில் கட்டளை எங்கே? மேலே சொன்ன 28ஆவது விதியின் கடைசி வரியும் இதைத்தான் கேட்கிறது.

கோட்டாறு மறையாசிரியர் எழுதியது:

நெய்யூர்ச் சகோதரருக்கு நன்றி. லூத்தரைப் பற்றி நீங்கள் சொன்னது நம் பிள்ளைகளும் அறிய வேண்டிய செய்தி.

இரத்தம் உண்ணலாகாது என்பதற்கு லேவியர் 17:11 காட்டும் காரணம், உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பதும் அது பாவக் கழுவாய்க்காகப் பலிபீடத்துக்கு உரியது என்பதும் ஆகும். விலங்கின் உயிரை மனிதன் தனதாக்கிக்கொள்ளலாகாது. யோவான் 6இல் இயேசு தருவதாகச் சொல்வதோ தம் உயிரையே, தம் வாழ்வையே. எந்தக் காரணத்துக்காக அங்கே தடுக்கப்பட்டதோ அந்தக் காரணமே இங்கே கொடைக்கு அடிப்படை ஆகிறது. மேலும், கப்பர்நாகூமில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் எண்ணியதுபோல் சதையைக் கடித்து உண்பதைத் திருச்சபை ஒருபோதும் கற்பிக்கவில்லை. புனித தோமா அக்குவினாவின் தெளிவு இங்கே உதவும்: ஒரு பொருள் ஓர் இடத்தில் அடங்கியிருப்பதுபோல் கிறிஸ்து நற்கருணையில் இருப்பதில்லை, அப்பம் பிட்கப்படும்போது பிட்கப்படுவது அப்பத்தின் தோற்றமே தவிர அவருடைய உடல் அன்று. அங்கிருப்பது உயிர்த்து மாட்சிமை பெற்ற, இனிச் சாவுக்கு உட்படாத கிறிஸ்து.

எபிரேயர் பற்றிய தடை மாணவியுடைய கேள்வியும்கூட. திருப்பலியில் கிறிஸ்து மறுபடியும் கொல்லப்படுகிறார் என்று யாராவது சொன்னால் அது கத்தோலிக்கப் படிப்பினைக்கு எதிரானது. 1562 செப்டம்பர் 17ஆம் நாள் திரிதெந்து சங்கம் சொன்னது, பலிப்பொருளும் ஒன்றே, குருவாகிய கிறிஸ்துவும் ஒருவரே, ஒப்புக்கொடுக்கும் முறை மட்டுமே வேறு என்பதாகும். எபிரேயர் திருமுகத்திலேயே இரண்டு இழைகள் உள்ளன. 9, 10 அதிகாரங்கள் ஒரே முறை என்கின்றன. 7:25 அவர் என்றென்றும் உயிர் வாழ்ந்து நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்கிறது. திருவெளிப்பாடு 5:6இல் யோவான் காண்பது கொல்லப்பட்டதுபோல் தோன்றிய ஆட்டுக்குட்டி, ஆனால் நின்றுகொண்டிருக்கிறது. நடந்து முடிந்த பலி விண்ணகத்தில் தந்தையின்முன் நிலைத்திருக்கிறது. நாம் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதில்லை, அதனோடு சேர்க்கப்படுகிறோம்.

பேழையும் பவனியும் மறைநூலில் நேரடியாகக் கட்டளையிடப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. உலகத் திருச்சபைக்குரிய விழாவாகக் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை நான்காம் உர்பான் ஏற்படுத்தியது 1264இல்தான். ஆனால் ஏறத்தாழ 155இல் ரோமையில் எழுதிய புனித யுஸ்தீன், வழிபாட்டுக்கு வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையை எடுத்துச் சென்றதைக் குறிப்பிடுகிறார். வழிபாடு முடிந்ததும் அது மீண்டும் வெறும் அப்பம் ஆகிவிடும் என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதை நோயாளியின் வீட்டுக்குச் சுமந்து சென்றிருக்கத் தேவையில்லை. வணக்கம் அந்த நம்பிக்கையிலிருந்து வளர்ந்தது.

மார்த்தாண்டம் மலங்கரை எழுதியது:

‘எப்படி’ என்பது குறித்து ஒரு சொல். பொருள் மாற்றம் என்னும் சொல்லாட்சியை 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் பயன்படுத்தியது. 1551இல் திரிதெந்து சங்கம் அது பொருத்தமான பெயர் என்றது. எங்கள் குர்பானா (திருப்பலி) வழிபாடு மேற்குச் சிரியா மரபில் வந்தது. அதில் இந்தத் தத்துவச் சொற்களைக் கேட்க மாட்டீர்கள். தூய ஆவி இறங்கி அப்பத்தையும் இரசத்தையும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆக்கும்படி வேண்டும் மன்றாட்டே அங்கு முன்னிற்கிறது; மலையாளத்தில் ரூஹாக்ஷணம் என்போம். கத்தோலிக்க ஒன்றிப்பில் நாங்கள் சேர்ந்தது 1930இல். நம்பிக்கை ஒன்று, சொல்லும் வகை வேறு என்பதற்கு நம் மாவட்டத்திலுள்ள மூன்று கத்தோலிக்க வழிபாட்டு முறைகளே சான்று.

ஏறத்தாழ 110ஆம் ஆண்டளவில் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் ஸ்மிர்னா சபைக்கு எழுதிய மடலையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நமக்காகப் பாடுபட்ட மீட்பர் இயேசு கிறிஸ்துவின் உடலே நற்கருணை என்று அறிக்கையிட மறுத்துச் சிலர் அதிலிருந்து விலகி நிற்பதாக அவர் எழுதுகிறார். கிறிஸ்து மெய்யான உடல் எடுக்கவில்லை என்று சொன்னவர்கள் அவர்கள். ஆக, அக்காலத்திலேயே மனிதாவதாரத்தை மறுத்தவர்களால் நற்கருணையையும் ஏற்க முடியவில்லை.

விளவங்கோடு மறைக்கல்வி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வரும் ஞாயிறு 1 கொரிந்தியர் 10ஐ வாசிக்கச் செய்து, பாஸ்காவை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். இத்தோடு தொடர்புடைய ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கலப்புத் திருமணங்களில் சி.எஸ்.ஐ. உறவினரும், பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் உறவினரும் நன்மை (நற்கருணை) வாங்க வரிசையில் நின்றுவிடுகிறார்கள். பிள்ளைகள் இதைப் பற்றியும் கேட்பார்கள். என்ன சொல்வது?

மார்த்தாண்டம் மலங்கரை எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல. யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் போன்ற கீழைத் திருச்சபையினர் தாமாக விரும்பிக் கேட்டு, தக்க மனநிலையோடும் இருந்தால் கத்தோலிக்கக் குரு அவர்களுக்கு நற்கருணை வழங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 844 இடமளிக்கிறது. யாக்கோபாயா சபையினர் சார்ந்துள்ள அந்தியோக்கியாச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைப் பொறுத்தவரை, இரண்டாம் ஜான் பால் திருத்தந்தையும் முதுபெரும் தந்தை முதலாம் சாக்கா ஈவாசும் 1984 ஜூன் 23இல் வெளியிட்ட கூட்டறிக்கையே, தத்தம் குருக்களை அணுக இயலாத நிலையில் ஒருவர் மற்றவரிடம் அருட்சாதனங்களைக் கேட்கலாம் என்கிறது. அதிலும் ‘அணுக இயலாத நிலை’ என்ற நிபந்தனை இருப்பதால், உறவினர் திருமணத்துக்கு வந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து நன்மை வாங்குவதற்கு அது பொது அனுமதி ஆகாது. தம் சபையார் வேறிடத்தில் நன்மை வாங்குவது பற்றி அவர்களுடைய திருச்சபைக்கும் ஒழுங்கு உண்டு. அதையும் மதிக்க வேண்டும்.

கோட்டாறு மறையாசிரியர் எழுதியது:

சீர்திருத்தச் சபையினருக்கு அதே சட்டம் இன்னும் குறுகலான வழியையே திறக்கிறது: இறப்பு ஆபத்து, அல்லது ஆயர் கடுமையான தேவை என்று தீர்மானிக்கும் சூழ்நிலை, அப்போதும் தம் சபைப் பணியாளரை அணுக முடியாமல், தாமாகக் கேட்டு, நற்கருணை பற்றிய கத்தோலிக்க நம்பிக்கையை வெளிப்படுத்த வேண்டும். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நெய்யூர்ச் சகோதரரையும் கேட்டுக்கொள்கிறேன். அப்பம் ஒன்றே, ஆகையால் பலராயினும் நாம் ஒரே உடல் என்று 1 கொரிந்தியர் 10:17இல் பவுல் சொல்கிறார். வரிசையில் நின்று வாங்கும்போது கிறிஸ்துவை ஏற்பதோடு, இந்த ஒரே உடலின் முழு ஒன்றிப்பில் இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறோம். அந்த ஒன்றிப்பு இன்னும் நிறைவாகாதபோது சொல்வது பொய்யாகிவிடும். இந்தச் சங்கடத்தை முன்னறிந்துதான், 1993ஆம் ஆண்டின் கிறிஸ்தவ ஒன்றிப்பு வழிகாட்டி, கலப்புத் திருமணத்தைப் பொதுவாகத் திருப்பலி இல்லாமல் இறைவார்த்தை வழிபாட்டோடு நடத்தும்படி சொல்கிறது. திருமணத்துக்கு நாள் குறிக்கும்போதே பங்குத்தந்தையிடம் இதைப் பேசிவிட்டால், திருமண நாளன்று பீடத்தின் முன்னால் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியிராது.